மக்கள்தொகை, புலம்பெயர்வு, வளர்ச்சி: நாடுகள் சேர்ந்து என்னதான் செய்கின்றன? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்த விஷயத்தில் திரும்பத் திரும்பக் காதில் விழும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். சில பதில்கள் நீளமாகப் போகும், சில நாலு வரியில் முடிந்துவிடும். எண்கள் பெரும்பாலும் ஐ.நா. அமைப்புகளும் உலக வங்கியும் வெளியிட்டவை, அபிப்பிராயங்கள் என்னுடையவை.

பிள்ளை பெறுவது குடும்பத்தின் விஷயம், எல்லை அந்தந்த அரசாங்கத்தின் விஷயம். இதில் ஐ.நா.வுக்கு என்ன வேலை?

நியாயமான கேள்விதான். ஐ.நா.வால் யாரையும் பிள்ளை பெறு என்றோ பெறாதே என்றோ சொல்ல முடியாது, எந்த நாட்டின் விசா விதியிலும் ஒரு எழுத்தைக்கூட மாற்ற முடியாது. ஆனால் ஒரு நாட்டில் பிறப்பு குறைந்தால் சில வருடங்களில் அந்த நாடு வெளியே ஆள் தேடுகிறது, ஒரு நாட்டில் போர் வந்தால் பக்கத்து நாட்டின் பள்ளிக்கூடத்தில் இடம் போதாமல் போகிறது, அதனால் எல்லா நாட்டுக்கும் ஒரே முறையில் கணக்கு வைக்க யாராவது வேண்டியிருக்கிறது. 1946-லேயே, ஐ.நா. பிறந்து ஒரு வருடம் ஆவதற்குள், மக்கள்தொகை ஆணையம் என்று ஒன்றை அமைத்துவிட்டார்கள். 1994-ல் அதன் பெயரில் 'வளர்ச்சி'யும் சேர்ந்தது. ஏழை நாடுகளின் சென்சஸுக்கும் குடும்பநலத் திட்டங்களுக்கும் பணமும் ஆளும் கொடுக்கும் ஐ.நா. மக்கள்தொகை நிதியம் 1969-ல் செயல்படத் தொடங்கியது.

புலம்பெயர்வுக்கென்று இருக்கும் அமைப்பின் கதை வேறு. ஐ.ஓ.எம். என்று இன்று அழைக்கப்படும் சர்வதேசப் புலம்பெயர்வு அமைப்பு 1951-ல் தொடங்கியபோது அதன் வேலையே, இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வாழ வழியில்லாமல் நின்ற ஐரோப்பியர்களை அமெரிக்கக் கண்டங்களுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் கப்பலேற்றி அனுப்புவது. ஐரோப்பா ஆள் அதிகமாகிவிட்டது என்று கவலைப்பட்ட காலம் அது! அந்த அமைப்பு ஐ.நா. குடும்பத்துக்குள் வந்தது 2016-ல்தான்.

இப்போது உலகத்தில் எத்தனை பேர்? இப்படியே ஏறிக்கொண்டேதான் போகுமா?

800 கோடியைத் தொட்ட நாளாக 2022 நவம்பர் 15-ஐ ஐ.நா. குறித்தது. 2024-ல் 820 கோடி. இன்னும் ஏறும், ஆனால் முடிவில்லாமல் ஏறாது. 2024 மதிப்பீட்டின்படி 2080-களின் நடுவில் சுமார் 1,030 கோடியில் உச்சம் தொட்டு, பிறகு மெல்ல இறங்கும். 1960-களில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக ஐந்து குழந்தைகள் இருந்த இடத்தில் இப்போது இரண்டேகால். மக்கள்தொகை கூடாமல் குறையாமல் நிற்க 2.1 வேண்டும், பாதிக்கும் மேற்பட்ட நாடுகள் அதற்குக் கீழே போய்விட்டன. சீனா, ஜெர்மனி, ஜப்பான், ரஷ்யா உட்பட 63 நாடுகளும் பிரதேசங்களும் தங்கள் உச்சத்தை ஏற்கெனவே தாண்டியாகிவிட்டது.

பிறகு ஏன் இன்னும் ஏறுகிறது? முன்பு அதிகமாகப் பிறந்தவர்கள் இப்போது பெற்றோராகும் வயதில் இருக்கிறார்கள். ஒவ்வொருவரும் குறைவாகப் பெற்றாலும் பெறுகிறவர்களின் எண்ணிக்கை பெரிது. அடுத்த முப்பது வருடத்தில் வரப்போகும் உயர்வில் முக்கால் பங்குக்கும் மேல் இந்தப் பழைய வேகத்தால் வருவதுதான். 'நாளையிலிருந்து கட்டுப்படுத்துவோம்' என்று முழங்கும் அரசியல்வாதிகளுக்கு இந்த ஒரு தகவலை யாராவது சொல்லலாம்.

2100-ல் எத்தனை பேர் என்று இப்போதே எப்படிச் சொல்கிறார்கள்? ஜோசியமா?

ஜோசியம் இல்லை, ஆனால் உறுதிமொழியும் இல்லை. 2050-ல் முப்பது வயதாகப் போகிறவர்கள் எல்லாரும் ஏற்கெனவே பிறந்துவிட்டார்கள், அவர்களை எண்ண முடியும். அதனால் முதல் இருபது முப்பது வருடக் கணக்கு ஓரளவு கெட்டியானது. அதற்குப் பிறகு எல்லாம், இன்னும் பிறக்காத பெண்கள் எத்தனை குழந்தை பெறுவார்கள் என்ற அனுமானத்தில் போய் நிற்கிறது. 2015-ல் வெளியான மதிப்பீடு 2100-க்கு 1,120 கோடி என்றது, 2024-ல் வெளியானது 1,020 கோடி என்கிறது. ஒன்பது வருடத்தில் நூறு கோடிப் பேர் காகிதத்திலிருந்து காணாமல் போனார்கள், பல நாடுகளில் பிறப்பு எதிர்பார்த்ததைவிட வேகமாக விழுந்ததுதான் முக்கியக் காரணம். புலம்பெயர்வு பற்றிய அனுமானம் இதைவிடப் பலவீனமானது, ஏனென்றால் ஒரு போரையோ ஒரு தேர்தல் முடிவையோ எந்தச் சூத்திரத்திலும் போட முடியாது.

இதைவிடப் பெரிய சிக்கல் இன்றைய எண்ணிலேயே இருக்கிறது. காங்கோ ஜனநாயகக் குடியரசில் கடைசி சென்சஸ் 1984-ல் எடுத்தது. லெபனானில் 1932-ல், மதப் பிரிவுகளின் அரசியல் பங்கீடு ஆட்டம் கண்டுவிடும் என்று அதற்குப் பிறகு எடுக்கவே இல்லை. இந்தியா சீனாவை முந்திவிட்டது என்று 2023-ல் செய்தி வந்தபோது இந்தியாவின் கடைசி சென்சஸ் 2011-ஐச் சேர்ந்தது, அதனால் அந்தச் செய்தியே ஒரு மதிப்பீடுதான். சர்வதேச ஒத்துழைப்பு என்றதும் எல்லாரும் மாநாட்டு மேடையை நினைக்கிறார்கள். சென்சஸ் வரைபடம் போடக் கற்றுக்கொடுப்பதும், பிறப்புப் பதிவேட்டைக் கணினியில் ஏற்ற உதவுவதும்தான் இதில் அதிகப் பயன் தந்த வேலை என்பது என் எண்ணம். யாரும் அதைப் படம் பிடித்துப் போடுவதில்லை.

கெய்ரோ மாநாடு, கெய்ரோ மாநாடு என்கிறார்களே, அங்கே அப்படி என்ன நடந்தது?

இதைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். அரசாங்கங்கள் நேரடியாகப் பங்கேற்ற முதல் உலக மக்கள்தொகை மாநாடு 1974-ல் புகாரெஸ்ட்டில் நடந்தது. பணக்கார நாடுகள் வளர்ச்சி விகிதத்துக்கு இலக்கு வைக்கச் சொன்னன, ஏழை நாடுகள் 'முதலில் உலகப் பொருளாதாரத்தைச் சரிசெய்யுங்கள்' என்று திருப்பிக் கேட்டன. இந்தியாவின் சுகாதார அமைச்சர் கரண் சிங் 'வளர்ச்சிதான் சிறந்த கருத்தடை' என்று பேசியது அங்கேதான். அதே அமைச்சர் 1976 ஏப்ரலில் ஒரு தேசிய மக்கள்தொகைக் கொள்கையை வெளியிட்டார், நெருக்கடி நிலைக் காலத்தில் நடந்த கட்டாயக் கருத்தடை எல்லாருக்கும் தெரிந்த வரலாறு. சீனா 1980 வாக்கில் ஒரு குழந்தைக் கொள்கையைக் கொண்டுவந்தது. இதெல்லாம் நடந்த பிறகு, 1983-ல் ஐ.நா. தன் முதல் மக்கள்தொகை விருதை யாருக்குக் கொடுத்தது தெரியுமா? இந்திரா காந்திக்கும், சீனாவின் குடும்பக் கட்டுப்பாட்டுத் துறையை நடத்திய சியான் சின்ஜோங்குக்கும். சர்வதேச அமைப்புகளும் அந்தக் காலத்தில் எண்ணிக்கை குறைந்தால் போதும் என்ற மனநிலையில்தான் இருந்தன என்பதற்கு இதற்கு மேல் சாட்சி வேண்டாம்.

1984-ல் மெக்சிகோ சிட்டியில் நடந்த அடுத்த மாநாட்டில் அமெரிக்கா தலைகீழாகத் திரும்பியது. மக்கள்தொகைப் பெருக்கம் தன்னளவில் நல்லதும் இல்லை கெட்டதும் இல்லை, சந்தை பார்த்துக்கொள்ளும் என்றது, கருக்கலைப்பைக் குடும்பக் கட்டுப்பாட்டு முறையாகச் செய்யும் அல்லது ஊக்குவிக்கும் வெளிநாட்டுத் தொண்டு நிறுவனங்களுக்குப் பணமில்லை என்றும் அறிவித்தது.

சரி, கெய்ரோ. அந்த வரிசையில் அடுத்த ஐ.நா. மக்கள்தொகை மாநாடு, 1994 செப்டம்பர், 179 அரசாங்கங்கள். பாகிஸ்தானைச் சேர்ந்த மருத்துவர் நஃபீஸ் சாதிக் மாநாட்டின் பொதுச்செயலாளர். பல வருடம் தயாராகி வந்திருந்த பெண்கள் அமைப்புகளின் அழுத்தத்தால், மக்கள்தொகை இலக்கு என்ற சிந்தனையையே அங்கே கைவிட்டார்கள். எத்தனை குழந்தை, எப்போது என்று முடிவுசெய்யும் உரிமை தனிநபருக்கு, அரசின் வேலை அதற்கான சேவையையும் தகவலையும் கொடுப்பது, பெண் கல்வியையும் பிரசவத்தில் பாதுகாப்பையும் உறுதிசெய்வது, இதுதான் சாரம். வத்திக்கானும் சில முஸ்லிம் நாடுகளும் கடுமையாக எதிர்த்தன. கருக்கலைப்பு குறித்து, அதைக் குடும்பக் கட்டுப்பாட்டு முறையாக ஊக்குவிக்கக் கூடாது, ஆனால் சட்டம் அனுமதிக்கும் இடத்தில் பாதுகாப்பாக இருக்க வேண்டும் என்ற சமரச வாக்கியத்தில் வந்து நின்றார்கள். முப்பது வருடமாகியும் ஒவ்வொரு கூட்டத்திலும் அதே வாக்கியத்தைச் சுற்றித்தான் சண்டை.

கெய்ரோவில் இரண்டு விஷயம் தேறவில்லை. ஒன்று பணம்: 2000-ம் ஆண்டுக்குள் வருடத்துக்கு 1,700 கோடி டாலர் தேவை, மூன்றில் ஒரு பங்கைப் பணக்கார நாடுகள் தரும் என்று எழுதினார்கள், அந்த ஒரு பங்கில் பாதிகூட வரவில்லை. இன்னொன்று புலம்பெயர்வு. குடும்பத்தோடு சேர்ந்து வாழ்வதைப் புலம்பெயர்ந்தோரின் 'உரிமை' என்று எழுத வேண்டும் எனப் பல வளரும் நாடுகள் கேட்டன, ஆட்களை ஏற்கும் நாடுகள் மறுத்ததால் 'மிக முக்கியமானது' என்று நீர்த்துப்போனது.

பிறப்பு குறைவது நல்லதுதானே? ஏன் சில நாடுகள் இப்படிப் பதறுகின்றன?

மெதுவாகக் குறைந்தால் நல்லதுதான். தாய்மார் உடல்நலம் மேம்படுகிறது, ஒரு குழந்தைக்குக் கிடைக்கும் படிப்பும் கவனிப்பும் கூடுகிறது, உழைக்கும் வயதினரின் பங்கு சில பத்தாண்டுகளுக்கு அதிகமாக இருப்பதால் பொருளாதாரம் வேகமெடுக்க வாய்ப்பும் வருகிறது. வேலை இருந்தால்தான் அந்த வாய்ப்பு பலிக்கும், அது தனிக் கதை. வேகமாகக் குறைந்தால்தான் திண்டாட்டம். தென் கொரியாவில் 2023-ல் ஒரு பெண்ணுக்கு 0.72 குழந்தை. ஓய்வூதியம் வாங்குகிறவர்கள் கூடி, அதற்குப் பணம் கட்டுகிறவர்கள் குறைகிறார்கள். சீனா 2015-ல் ஒரு குழந்தைக் கொள்கையைக் கைவிட முடிவெடுத்தது, 2021-ல் மூன்று பெறலாம் என்றது, 2022-லிருந்து அதன் மக்கள்தொகை சுருங்குகிறது. பெறாதே என்று சொல்லி நிறுத்த முடிந்த அரசால், பெறு என்று சொல்லிப் பெறவைக்க முடியவில்லை.

ஆள் குறையும் நாட்டுக்கு ஆள் கூடும் நாட்டிலிருந்து அனுப்பினால் கணக்கு நேராகிவிடுமே?

2000-ம் ஆண்டிலேயே ஐ.நா. மக்கள்தொகைப் பிரிவு இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தது. முதியவர்களுக்கும் உழைக்கும் வயதினருக்கும் உள்ள விகிதம் மாறாமல் இருக்கவேண்டுமானால் 2050-க்குள் தென் கொரியாவுக்கு மட்டும் எத்தனை பேர் வரவேண்டும்? 510 கோடி. கணக்குப் போட்ட 2000-ல் உலகத்தின் மொத்த மக்கள்தொகையே 610 கோடிதான். கணக்குத் தவறு எதுவும் இல்லை, வருகிறவர்களுக்கும் வயதாகும், அவர்களைத் தாங்க இன்னும் ஆள் வேண்டும், அப்புறம் அவர்களைத் தாங்க இன்னும். புலம்பெயர்வு மூப்பின் அடியைக் குறைக்கும், குறிப்பிட்ட தொழில்களைத் தூக்கி நிறுத்தும், அவ்வளவுதான். ஓய்வு வயது, பெண்களின் வேலைவாய்ப்பு, முதியோர் பராமரிப்பு இதையெல்லாம் அந்த நாடுகள் உள்ளேதான் சரிசெய்துகொள்ள வேண்டும்.

உலகத்தில் பாதிப் பேர் வெளிநாடு போய்விட்டதுபோல் தோன்றுகிறதே, உண்மையில் எவ்வளவு?

2024 நடுவில் 30.4 கோடிப் பேர், அதாவது 3.7 சதவீதம். 1990-ல் இது 15.4 கோடி. எண்ணிக்கை ஏறக்குறைய இரட்டிப்பு, ஆனால் உலக மக்களில் அவர்கள் பங்கு மூன்று சதவீதத்துக்குப் பக்கத்திலிருந்து நான்குக்குப் பக்கத்தில் வந்திருக்கிறது. நூற்றில் 96 பேர் பிறந்த நாட்டிலேயே இருக்கிறார்கள். வெளியே போனவர்களிலும் சுமார் பாதிப் பேர் தங்கள் பிராந்தியத்துக்குள்ளேயேதான்.

அகதியும் புலம்பெயர்ந்தவரும் ஒன்றா?

சட்டப்படி இல்லை. இனம், மதம், தேசியம், அரசியல் கருத்து, ஒரு சமூகக் குழுவைச் சேர்ந்தவர் என்ற காரணங்களால் துன்புறுத்தலுக்குப் பயந்து எல்லை தாண்டியவருக்கு 1951 அகதிகள் ஒப்பந்தமும் 1967 நெறிமுறையும் பாதுகாப்பு தருகின்றன, ஆபத்து இருக்கும் இடத்துக்கே திருப்பி அனுப்பக் கூடாது என்பது அதன் உயிர்நாடி. வேலைக்காகப் போகிறவருக்கு அப்படிப்பட்ட கவசம் கிடையாது. 2024 முடிவில் வலுக்கட்டாயமாக இடம்பெயர்ந்தவர்கள் 12.3 கோடி, இதில் பெரும்பகுதி தங்கள் நாட்டுக்குள்ளேயே இடம் மாறியவர்கள். எல்லை தாண்டியவர்களில் மூன்றில் இரண்டு பங்கு பக்கத்து நாட்டில் இருக்கிறார்கள், எல்லாரும் ஐரோப்பாவுக்கு ஓடுகிறார்கள் என்பது தொலைக்காட்சி உருவாக்கிய பிம்பம். இந்தியா, இலங்கை, பாகிஸ்தான், வங்கதேசம் எதுவும் 1951 ஒப்பந்தத்தில் சேரவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், பலர் சேர்ந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

2018-ல் ஏதோ உலகப் புலம்பெயர்வு உடன்படிக்கை போட்டார்களாமே? கையெழுத்துப் போட்டால் எல்லையைத் திறந்துவிட வேண்டுமாமே?

வேண்டாம். முதலில், அதில் கையெழுத்தே கிடையாது. பாதுகாப்பான, ஒழுங்கான, முறையான புலம்பெயர்வுக்கான அந்த உலக உடன்படிக்கையை 2018 டிசம்பரில் மொராக்கோவின் மர்ரகேஷில் ஏற்றுக்கொண்டார்கள், பிறகு ஐ.நா. பொதுச்சபை 152 வாக்குகளுடன் ஒப்புதல் அளித்தது. 23 நோக்கங்கள் உள்ள அந்த ஆவணம் சட்டப்படி யாரையும் கட்டுப்படுத்தாது என்றும், யாரை உள்ளே விடுவது என்பது அந்தந்த நாட்டின் உரிமை என்றும் அதிலேயே எழுதியிருக்கிறது.

இவ்வளவு மென்மையான காகிதத்துக்கே நடந்த கூத்தைப் பாருங்கள். அமெரிக்கா, ஹங்கேரி, இஸ்ரேல், போலந்து, செக் குடியரசு ஐந்தும் எதிர்த்து வாக்களித்தன. ஆஸ்திரேலியா, இத்தாலி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து உட்பட 12 நாடுகள் ஒதுங்கிக்கொண்டன. பெல்ஜியத்தில் இதைக் காரணம் காட்டி ஒரு கட்சி கூட்டணியை விட்டு வெளியேற, அந்த மாதமே பிரதமர் ராஜினாமா செய்தார். பிரேசில் ஏற்றுக்கொண்டு, 2019-ல் விலகி, 2023-ல் திரும்ப வந்தது.

அப்படியானால் இதனால் என்ன பயன்? அனுப்பும் நாடும் ஏற்கும் நாடும் ஒரே மேசையில் உட்கார்ந்து, தடுப்புக் காவலில் குழந்தைகளை வைப்பது முதல் பணம் அனுப்பும் கட்டணம் வரை ஒரே பட்டியலில் போட்டது அதற்கு முன்பு நடந்ததில்லை. நான்கு வருடத்துக்கு ஒருமுறை மதிப்பாய்வு உண்டு, முதலாவது 2022 மே மாதம் நடந்தது. இதற்கு மேல் அதில் எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான்.

கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் எதுவுமே இல்லையா?

இருக்கிறது. புலம்பெயர் தொழிலாளர்கள், அவர்கள் குடும்பத்தினர் உரிமைக்கான ஒப்பந்தம் 1990 டிசம்பர் 18-ல் ஏற்கப்பட்டது, அந்த நாளைத்தான் சர்வதேசப் புலம்பெயர்ந்தோர் தினமாகக் கொண்டாடுகிறார்கள். நடைமுறைக்கு வரத் தேவையான 20 நாடுகள் சேரவே 2003 ஆகிவிட்டது. சேர்ந்தவை பெரும்பாலும் ஆள் அனுப்பும் நாடுகள், இலங்கை 1996-லேயே சேர்ந்தது. வட அமெரிக்காவோ மேற்கு ஐரோப்பாவோ வளைகுடாவோ, ஆளை வேலைக்கு வைக்கும் பெரிய நாடு எதுவும் சேரவில்லை. இந்தியாவும் இல்லை.

அப்போது உண்மையான வேலை எங்கேதான் நடக்கிறது?

இரண்டு நாடுகள் உட்கார்ந்து பேசும் அறையில். என்னைக் கேட்டால் இந்தப் பக்கத்திலேயே முக்கியமான பதில் இதுதான்.

தென் கொரியாவின் வேலை அனுமதி முறையை எடுத்துக்கொள்ளுங்கள். 2004-ல் தொடங்கியது. ஆள் அனுப்பும் நாட்டு அரசுடன் புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டு, ஆள் தேர்வை அரசுக்கு அரசு என்று வைத்து, தனியார் ஏஜென்ட்டை நடுவிலிருந்து எடுத்துவிட்டார்கள். கொரிய மொழித் தேர்வில் தேறினால் பட்டியலில் பெயர். 2001-ல் கொரியா போக ஒரு தொழிலாளி சராசரியாக 3,500 டாலர் செலவு செய்த இடத்தில் 2011-ல் அது ஆயிரம் டாலருக்கும் கீழே வந்தது. குறை இல்லாமல் இல்லை, முதலாளியை மாற்ற அந்த முறையில் உள்ள கட்டுப்பாடுகளைத் தொழிலாளர் அமைப்புகள் இன்றுவரை எதிர்க்கின்றன. இருந்தாலும் கடன் சுமையில்லாமல் விமானம் ஏறுவது எவ்வளவு பெரிய வித்தியாசம் என்று, வட்டிக்கு வாங்கி ஏஜென்ட்டுக்குக் கட்டிவிட்டுப் போனவர்களுக்குத்தான் தெரியும். அந்தக் கடன்தான் அவரை மோசமான வேலையிலும் வாய் திறக்காமல் கட்டிப்போடுகிறது.

ஆள் சேர்க்கும் செலவைத் தொழிலாளி தலையில் கட்டக் கூடாது என்று சர்வதேச தொழிலாளர் அமைப்பு 1997-லேயே ஒரு ஒப்பந்தத்தில் சொல்லிவிட்டது. பல நாடுகள் அதை ஏற்கவில்லை, ஏற்ற இடங்களிலும் 'மருத்துவப் பரிசோதனை', 'பயிற்சி' என்று வேறு பெயரில் வாங்குவது நடக்கிறது. ஆசியாவின் ஆள் அனுப்பும் நாடுகள் 2003-ல் தொடங்கிய கொழும்பு செயல்முறையும், 2008-ல் வளைகுடா நாடுகளும் சேர்ந்த அபுதாபி உரையாடலும் இந்த மாதிரி விஷயங்களைப் பேசவே இருக்கின்றன. முன்னேற்றம் ஆமை வேகம். அனுப்பும் நாடுகள் சேர்ந்து குறைந்தபட்ச ஊதியம் கேட்டால், யாராவது ஒரு நாடு குறைந்த கூலிக்கு ஆள் தரத் தயாராக இருக்கிறது, ஒற்றுமை அங்கேயே உடைகிறது.

பிராந்திய அளவில் பார்த்தால் தென் அமெரிக்க நாடுகளின் வர்த்தகக் கூட்டணியான மெர்கோசூரின் குடியிருப்பு ஒப்பந்தம், 2009-ல் நடைமுறைக்கு வந்தது, அதிகம் பேசப்படாத ஒரு நல்ல உதாரணம். உறுப்பு நாட்டின் குடிமகன் என்பதும் குற்றப் பின்னணி இல்லை என்பதும் போதும், இரண்டு வருடம் தங்கி வேலை பார்க்க அனுமதி கிடைக்கும், பிறகு நிரந்தரமாகவும் மாற்றிக்கொள்ளலாம்.

ஏழை நாட்டுக்கு உதவி கொடுத்து வளர்த்துவிட்டால் மக்கள் வெளியே போவது நின்றுவிடுமா?

ஐரோப்பிய அரசாங்கங்களுக்குப் பிடித்த வாதம் இது. ஆதாரம் எதிர்ப்பக்கம் இருக்கிறது. மிக ஏழை நாட்டில் இருப்பவரிடம் பயணத்துக்கே காசில்லை. வருமானமும் படிப்பும் தகவலும் கூடும்போது முதலில் வெளியே போகிறவர்கள் அதிகமாகிறார்கள், நாடு நடுத்தர வருமானத்தைத் தாண்டிய பிறகுதான் குறைகிறது. இத்தாலியும் தென் கொரியாவும் இப்படித்தான் ஆள் அனுப்பும் நாடாக இருந்து ஆள் வாங்கும் நாடாக மாறின. உதவி கொடுக்கவேண்டிய காரணங்கள் நிறைய உண்டு, ஆனால் 'அவர்கள் வராமல் இருக்க' என்பதற்காகக் கொடுத்தால் பணம் எல்லைக் காவலுக்குத்தான் போய்ச் சேரும். இன்னொரு விசித்திரமும் உண்டு: ஒரு பணக்கார நாடு தன் மண்ணுக்கு வந்த அகதிக்கு முதல் வருடம் செய்யும் செலவை வெளிநாட்டு வளர்ச்சி உதவி என்று கணக்கில் காட்டிக்கொள்ளலாம். 2022-ல் உலகின் அதிகாரபூர்வ உதவியில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு இப்படிக் கொடுத்த நாட்டுக்குள்ளேயே செலவானது.

வெளிநாட்டிலிருந்து வீட்டுக்கு அனுப்பும் பணம் அவ்வளவு பெரிதா?

2024-ல் குறைந்த, நடுத்தர வருமான நாடுகளுக்குப் போனது சுமார் 68,500 கோடி டாலர் என்று உலக வங்கி மதிப்பிட்டது. அந்நிய நேரடி முதலீடும் வளர்ச்சி உதவியும் சேர்ந்தால்கூட இதைத் தொடாது. ஆனால் 200 டாலர் அனுப்பச் சராசரியாக 6 சதவீதத்துக்கும் மேல் கட்டணம் போகிறது. 2030-க்குள் 3 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவருவோம் என்று நிலைத்த வளர்ச்சி இலக்குகளில் நாடுகள் எழுதிக் கொடுத்திருக்கின்றன. மூன்று சதவீதம் மிச்சமானால் வருடத்துக்கு 2,000 கோடி டாலர் குடும்பங்களின் கையில் நிற்கும். செல்போன் வழியாக அனுப்புவது மலிவு, வங்கி வழிதான் இருப்பதிலேயே விலை கூடியது, அதனால் அனுப்பும் முன் இரண்டு மூன்று இடத்தில் விசாரிப்பது நல்லது.

டாக்டரும் நர்ஸும் எல்லாம் போய்விட்டால் ஊரில் யார் பார்ப்பது?

இதற்காகத்தான் உலக சுகாதார அமைப்பு 2010-ல் ஒரு நடைமுறை விதியைக் கொண்டுவந்தது. சுகாதாரப் பணியாளர் பற்றாக்குறை கடுமையாக உள்ள நாடுகளில் போய் வலிந்து ஆள் பிடிக்காதீர்கள் என்பது அதன் சாரம், 2023 பட்டியலில் அப்படி 55 நாடுகள். இதுவும் கட்டுப்படுத்தாத விதிதான். தனிப்பட்ட ஒரு நர்ஸ் தானாக விண்ணப்பித்துப் போவதை அது தடுக்கவில்லை, தடுக்கவும் கூடாது. ஜெர்மனி 2013 முதல் பிலிப்பைன்ஸ் போன்ற நாடுகளுடன் அரசு வழியாக நர்ஸ்களைச் சேர்க்கும் திட்டம் நடத்துகிறது, மொழிப் பயிற்சிச் செலவை நர்ஸ் ஏற்கவேண்டியதில்லை. ஆள் வாங்கும் நாடு அனுப்பும் நாட்டின் நர்சிங் கல்லூரிக்கும் பணம் போடவேண்டும் என்பது அடுத்த படி, அது எங்கேயும் பெரிய அளவில் நடக்கவில்லை.

கடல் மட்டம் உயர்ந்து நாடே மூழ்கினால் அந்த மக்கள் அகதிகளா?

1951 ஒப்பந்தத்தின் காரணப் பட்டியலில் வெள்ளமும் கடலும் இல்லை. ஆகவே 'காலநிலை அகதி' என்பது இன்றைக்குச் சட்டச் சொல் ஆகாது. ஒரு சிறு வாசல் மட்டும் திறந்திருக்கிறது. ஆஸ்திரேலியாவும் பசிபிக் கடலின் சிறு தீவு நாடான துவாலுவும் 2023-ல் போட்ட ஃபலேபிலி ஒப்பந்தப்படி வருடத்துக்கு 280 துவாலு மக்கள் ஆஸ்திரேலியாவில் குடியேறலாம். பதிலுக்குப் பாதுகாப்பு விஷயத்தில் வேறு நாட்டுடன் ஒப்பந்தம் போடும் முன் துவாலு ஆஸ்திரேலியாவின் சம்மதம் பெறவேண்டும், இலவசமாக எதுவும் இல்லை.

இதற்கெல்லாம் பணம் யார் கொடுக்கிறார்கள்?

மக்கள்தொகை நிதியத்துக்கு வருவது முழுக்க நாடுகள் விரும்பிக் கொடுக்கும் பணம். விருப்பம் மாறினால் பணமும் நிற்கும். அமெரிக்காவில் குடியரசுக் கட்சி அதிபர் வந்தால் நிறுத்துவதும், ஜனநாயகக் கட்சி அதிபர் வந்தால் கொடுப்பதும் பல பத்தாண்டுகளாக நடக்கிறது, 2025-ல் மறுபடி நிறுத்தம். அதே வருடம் இன்னொரு அடி விழுந்தது, செய்தியில் அதிகம் வரவில்லை. 1984 முதல் 90 நாடுகளுக்கு மேல் அமெரிக்கப் பணத்தில் நடந்துவந்த மக்கள்தொகை, சுகாதார வீட்டு ஆய்வுத் திட்டத்தை நிறுத்தினார்கள். பல ஆப்பிரிக்க நாடுகளில் குழந்தை இறப்பு எவ்வளவு என்று தெரிந்துகொள்ள அதைவிட நம்பகமான வழியே இல்லை. வேறு கொடையாளர்கள் சில ஆய்வுகளை மட்டும் காப்பாற்றிக் கொடுத்தார்கள். மற்றவர்களின் சென்சஸும் ஆய்வும் ஒரே ஒரு நாட்டின் தேர்தல் முடிவில் தொங்குவது ஆரோக்கியமான ஏற்பாடு இல்லை.

யாராவது 'ஐ.நா. சொல்கிறது' என்று ஒரு எண்ணைப் போட்டால் நம்பலாமா?

எந்த வருட மதிப்பீடு என்று முதலில் கேளுங்கள், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவது வழக்கம், பழைய 1,100 கோடி இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. எதிர்கால எண் என்றால் அது நடுத்தர அனுமானமா, உயர் அனுமானமா என்று பாருங்கள், பயமுறுத்த விரும்புகிறவர்கள் எப்போதும் உயர்ந்ததை எடுப்பார்கள். புலம்பெயர்ந்தோர் எண் என்றால், அது ஒரு நாட்டில் இதுவரை சேர்ந்திருப்பவர்களின் மொத்தமா, அந்த ஒரு வருடத்தில் வந்தவர்களா என்பது பெரிய வித்தியாசம். பிறந்த நாட்டை வைத்து எண்ணினார்களா, குடியுரிமையை வைத்து எண்ணினார்களா என்பதும் அப்படித்தான்: முப்பது வருடத்துக்கு முன்பு வந்து குடியுரிமை வாங்கி வரி கட்டிக்கொண்டிருப்பவரும் முதல் கணக்கில் இன்னும் புலம்பெயர்ந்தவர்தான், இரண்டாவதில் அவர் பெயரே இருக்காது.